கொள்வோர் அறம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருள் வாங்குவதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், "இலக்கிய மேடைக்குக் கடைத்தெரு எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வள்ளுவர் முப்பாலில் ஒரு பாலுக்குப் பொருள் என்றே பெயரிட்டிருக்கிறார் என்று சொல்லி அவர் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் அது மேடைத் தந்திரம். அப்பாலின் பெரும்பகுதி அரசைப் பற்றியது, அங்காடியைப் பற்றியதன்று. ஆகவே வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் பகுதி ஒன்று உண்டு. அவர்கள் நடுவுநிலை பிறழாதவர்கள், பழிக்கு அஞ்சி மெய்யே பேசுபவர்கள், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதிப்பவர்கள் என்று புலவர் அடுக்கிச் சொல்கிறார். விற்கும்போது அளவைக் குறைத்துத் தரமாட்டார்கள் என்றும் சொல்கிறார். இதிலே வியப்பொன்றும் இல்லை. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நல்ல வணிகனுக்குச் சொல்லும் இலக்கணம் இது. ஆனால் இதனோடு இணைத்து இன்னொன்றும் சொல்கிறாரே, அதுதான் என்னைப் பல நாள் நிறுத்தி வைத்தது. தாம் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளமாட்டார்களாம்.

குறைத்துக் கொடுப்பது எத்துணைக் குற்றமோ, கூட்டி வாங்குவதும் அத்துணைக் குற்றம் என்பது இதன் கருத்து. விற்பவனுக்கு அறம் சொல்லாத நூல் இல்லை. வாங்குபவனுக்கும் ஓர் அறம் உண்டு என்று சொன்ன நூல்கள் மிகச் சில. நாமோ, ஐந்நூறு பெறும் பொருளை இருநூறுக்கு அடித்துப் பிடித்து வாங்கிவிட்டால் அதை வெற்றியாகக் கொண்டாடுகிறோம். அண்டை வீட்டாரிடம் விலையைச் சொல்லி மகிழ்கிறோம். அந்த மிச்ச முந்நூறு எவர் கையிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

மலிவு என்ற சொல்லையே பாருங்கள். மலிதல் என்றால் நிறைதல், மிகுதல், பெருகுதல். விளைச்சல் மலிந்தால் விலை இறங்கும். அந்த இறக்கத்திற்கும் மலிவு என்றே பெயராயிற்று. நிறைவைக் குறித்த சொல், நாளடைவில் விலைக் குறைவைக் குறித்து, இன்று தரக் குறைவையும் குறிக்கிறது. "மலிவான கவிதை" என்று நாம் ஏசும்போது அந்தச் சொல்லின் பழைய செல்வம் நம் நினைவில் இல்லை. தள்ளுபடி என்ற சொல்லோ, நீதிமன்றத்தில் மனுவுக்கும் வருகிறது, துணிக்கடையில் புடைவைக்கும் வருகிறது. மனு தள்ளுபடி ஆனால் அழுகிறோம். புடைவை தள்ளுபடி ஆனால் ஓடுகிறோம்.

ஆடி மாதத்தில் சென்னை ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆடியில் திருமணங்கள் இல்லை. ஆகவே விற்பனை மந்தம். தீபாவளிச் சரக்கு வருமுன் பழைய இருப்பைக் கழிக்க வேண்டும். வணிகனுக்கு அது நியாயமான கணக்கு. வாங்குபவர் பக்கம் என்ன கணக்கு? தேவை என்று ஒரு பட்டியல் வீட்டில் இருந்து, அப்பொருள் ஆடியில் மலிவாகக் கிடைத்து, அதை வாங்கினால் அது சிக்கனம். கடைக்குப் போனபிறகு தேவை பிறந்தால் அது சிக்கனமா? கையில் எடுத்ததும் நம் கண் முதலில் போவது துணிக்கன்று, விலைச் சீட்டில் அடித்திருக்கும் பழைய எண்ணுக்கு. துணியைப் பார்க்கும் கண் நமக்குப் பழுதாகிவிட்டது. என் கவலையெல்லாம் இதைப் பற்றியதுதான்.

முன்பு அந்தக் கண் நம் வீடுகளில் இருந்தது. மண்சட்டியைச் சுண்டிப் பார்த்து, ஒலி கணீரென்று வந்தால்தான் வாங்குவார்கள். காஞ்சிபுரப் பட்டை எடுத்தால் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்து, இரண்டும் இழைக்கு இழை கோத்து நெய்யப்பட்டிருந்தால் அது கோர்வை. அதற்கு உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளரோடு துணைக்கு இன்னோர் ஆளும் தறியில் உட்கார வேண்டும். முந்தானையின் பாவு வேறு நிறமானால் அந்தப் பாவை உடலின் பாவோடு இழை இழையாக இணைக்க வேண்டும்; அதற்குப் பெயர் பேட்னி. சரிகையோ, பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதைச் சற்றே பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். கரையோரத்து இழை ஒன்றை உருவி நெருப்பில் காட்டினால், பட்டு முடி கருகிய வாடை வீசிப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறைந்துவிடும். ஏட்டுக் கல்வி இல்லாத பெண்மணிகள் இத்தனையும் அறிந்திருந்தார்கள்.

பட்டு நமக்கு எட்டாது என்று கவிஞர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. சரி, ஜமுக்காளத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் எத்தனையோ இலக்கியக் கூட்டங்கள் ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து வளர்ந்தவை. பவானியில் கைத்தறியில் முறுக்கான தடித்த நூலால் நெய்த பட்டை பட்டையான ஜமுக்காளம், ஒரு திருமணத்திற்கு வாங்கினால் அடுத்த தலைமுறையின் திருமணத்திற்கும் விரிக்கப்படும். தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். அதைப் போன்ற வண்ணத்தில் விசைத்தறிப் போலிகள் வந்தன. கைத்தறிக்கென்று சில வகைகளை ஒதுக்கி 1985இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. பவானி ஜமுக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் போலி நின்றபாடில்லை. ஏன்? சட்டத்தால் ஒரு துணிக்குப் பெயரைக் காத்துத் தர முடியும். தூக்கிப் பார்த்து எடை அறியும் கையை வாங்குவோருக்குத் தர முடியாது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்கொண்டு அவர் காட்டியது இது: நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், அவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையே தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. அவன் சந்தையை விட்டுப் போவான். எஞ்சியவை கெட்டவை. விலை இன்னும் இறங்கும். இவ்வாராய்ச்சியை முதன்மையாகக் கொண்டே 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நெசவாளர் வீட்டில் நடப்பதும் இதுவேயன்றோ? கோர்வை எது, ஒட்டு எது என்று அறியாத நாம் இரண்டுக்கும் ஒரே விலை பேசுகிறோம். கோர்வை நெய்பவர் தறியைப் பிரித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். அவருடைய மகன் அந்தத் தறியில் உட்காரவே இல்லை. நன்னூலார் பஞ்சையும் சொல்லையும் ஒப்பிட்டு, நெய்யும் நூலுக்கும் படிக்கும் நூலுக்கும் உறவு காட்டினாரே, அந்த உவமைக்கு உரை சொல்ல இனி உரையாசிரியர்தான் இருப்பார், நூற்றவர் இருக்கமாட்டார்.

விலையில் குறைந்தது வேறெங்கோ ஏறியிருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகளை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்குக் கட்டிய அணை வயலுக்கு உதவாத நீரைச் சுமந்து நின்றது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. மற்றொன்று வங்காள தேசத்தில். டாக்கா அருகே சவார் என்னும் ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் மேலைநாட்டுக் கடைகளுக்கு மலிவாடை தைத்தார்கள். சுவரில் வெடிப்புக் கண்ட மறுநாள், கீழ்த்தளத்து வங்கி ஊழியர்கள் வரவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு ஏற்றினார்கள். 2013 ஏப்ரல் 24. இறந்தவர் ஆயிரத்து நூறுக்கும் மேல். அவர்கள் தைத்த சட்டைக்கு விலைச் சீட்டில் இந்தக் கணக்கு இல்லை.

இனி, நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய மறுப்பு ஒன்று இருக்கிறது. "கையில் இருநூற்றைம்பது ரூபாய்தான் இருக்கிறது, வெறுங்காலுடன் நிற்கிறேன், நல்ல பொருளைப் பற்றி எனக்கா உபதேசம்?" என்று ஓர் ஏழை கேட்டால் என்ன சொல்வோம்? கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. இருநூற்றைம்பது ரூபாய்ச் செருப்பு நான்கு மாதத்தில் அறுகிறது என்று வைத்தால், மூன்றாண்டில் ஒன்பது செருப்பு, 2,250 ரூபாய். ஆயிரத்து இருநூறுக்கு வாங்கிய தோல் செருப்பு, இருமுறை அடி மாற்றித் தைத்தால் அதே மூன்றாண்டு வரும். ஏழைதான் கூடுதலாகச் செலவு செய்கிறான். ஒரே நாளில் ஆயிரத்து இருநூறு அவன் கைக்கு வராததால் செய்கிறான். அவனிடம் போய்த் தரத்தின் பெருமையைப் பேசுவது கொடுமை. நம் தெருப் பெண்கள் இதற்கொரு வழி கண்டிருந்தார்கள்: மாதாமாதம் பாத்திரச் சீட்டுக் கட்டி, ஆண்டு முடிவில் ஓர் அண்டாவோ குத்துவிளக்கோ எடுத்தார்கள். சிறு காசைச் சேர்த்துப் பெரும்பொருளாக மாற்றும் அந்த ஏற்பாட்டைப் பொருளியல் நூல்களுக்கு முன்பே அவர்கள் நடத்தினார்கள். ஆகவே என் சொல் வெறுங்காலருக்கன்று. அலமாரி நிரம்பியும் ஆடிக்குக் காத்திருக்கும் நம் போன்றோர்க்கு.

விலை கூடியதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. பெயர்ப்பலகைக்கு விலை கொடுப்பதும் ஒரு மடமையே. விலை குறைந்தும் தரம் குறையாத ஒன்றை இந்த அவை நன்கு அறியும். சென்னையில் ஏல நிறுவனம் நடத்திய மர்ரே எஸ். ராஜம் 1950களில் நம் பழைய இலக்கியங்களை மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். வையாபுரிப் பிள்ளை முதலிய அறிஞர்களின் துணையோடு, பாடம் ஒப்பிட்டு, எளியவரும் படிக்கச் சந்தி பிரித்து அச்சிட்டார். அங்கே மலிவு என்ற சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பிற்று. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று அறிந்தவர் குறைத்த விலை அது. தாளின் ஆடம்பரத்தைக் குறைத்தார். பிழை திருத்தும் உழைப்பைக் குறைக்கவில்லை. ஏலத்தில் நாள்தோறும் பொருளுக்கு விலை கூறக் கேட்டவர் ஆயிற்றே!

இறுதியாக, நம் வட்டத்தின் வாசலுக்கே வருகிறேன். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாம் போர்த்தும் பொன்னாடையைப் பற்றியது.

பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. செயற்கை இழையில் பிளாஸ்டிக் மினுமினுப்பு. வேர்வையைத் துடைக்காது, குளிரைத் தாங்காது, துவைத்தால் சுருங்கும். வாங்கியவர் அதை உடுத்தமாட்டார், போர்த்தமாட்டார், மனம் வந்து எறியவும் மாட்டார். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்திற்கு நான்கு என்று வைத்தாலும் பத்தாண்டில் 480. இவ்வூர்ப் புலவர் வீட்டுப் பரண்களில் அவை இன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கும் என்பது என் துணிபு. மொத்த விலையில் வாங்கியதால் மலிவு என்று நம் பொருளாளர் கணக்குக் காட்டக்கூடும். ஒருவருக்கும் பயன்படாத பொருளுக்கு எந்த விலையும் மலிவாகாது. போற்றுவதற்கென்று கூடிய சபையில், போலியைப் போர்த்திப் போற்றுகிறோம்.

நான் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. கூட்டத்திற்கு நான்கு பேருக்குப் போர்த்துவதை விட்டு, சிறப்புரை ஆற்ற வருபவர் ஒருவருக்கு மட்டும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பருத்திக் கைத்தறித் துண்டு ஒன்றைத் தருவோம். அவர் அதை மறுநாளே தோளில் போடலாம். பயணத்தில் தலைக்கு மடித்து வைக்கலாம். எஞ்சும் தொகைக்கு ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ நூல்கள் வாங்கி வட்டத்தின் அலமாரியில் வைப்போம். பசையில் ஒட்டியவற்றைத் தவிர்த்து, தைத்துக் கட்டியவற்றைப் பார்த்து வாங்குவோம். முப்பது பேர் கைமாறினாலும் தாள் உதிராதவை அவையே.

துண்டின் நீளம், அகலம், நூலின் எண், விசாரித்த விலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். செயற்குழு கூடும்போது ஆய்ந்து முடிவு செய்ய வேண்டுகிறேன். மேசையின்மேல் இன்றும் ஒன்று மடித்து வைத்திருப்பதைக் காண்கிறேன். அது எனக்கானது எனில், மறுத்து வாங்கியவர்க்கு இழப்பு உண்டாக்கமாட்டேன். என் பரணில் இன்னும் சற்று இடமிருக்கிறது.