வரம் தர வந்தவர்கள்: தமிழில் காதலும் நகைச்சுவையும்

(நூம்பலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பிள்ளைகள் என்னை அழைக்க வந்தபோது ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார்கள். "எங்கம்மாவுக்குச் சிரிப்புப் படம்னா உயிர் சார். சாயந்தரம் வேலை முடிஞ்சு உட்கார்ந்தா பட்டணத்தில் பூதம், காதலிக்க நேரமில்லை, இப்படித்தான் பார்ப்பாங்க. அவங்க பேர்ல நடக்கிற கூட்டத்துல கனமா எதுவும் வேணாம்" என்றார்கள். அந்த அம்மையாரின் விருப்பத்தை மதித்தே பேசுகிறேன். ஆனால், காதலும் சிரிப்பும் கலந்த கதை லேசான பொருள் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாற்பது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் படித்தும் பாடம் சொல்லியும் வருகிறவன் என்ற முறையில், அதற்கு நேர் எதிரானதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை திருவேற்காட்டுக்குப் போயிருந்தேன். வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையைக் கடந்துவிட்டால் கருமாரி அம்மன் கோயில் தூரமில்லை. வரிசையில் எனக்கு முன்னால் இளம் ஜோடி ஒன்று நின்றிருந்தது. கல்யாணம் ஆனவர்களா, ஆகப்போகிறவர்களா என்று தெரியவில்லை. சந்நிதியில் அந்தப் பெண் கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது, அவள் அசையவில்லை. வெளியே வந்ததும் அந்தப் பையன் கேட்டான்: "அவ்ளோ நேரம் என்ன வேண்டிக்கிட்ட?" அவள் சொன்னாள்: "சொன்னா பலிக்காது." கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

எனக்கு இன்றைய உரை அங்கேயே கிடைத்துவிட்டது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது. காதலையோ வெளியே சொல்லாவிட்டால் பலிக்காது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்கள்தான் நம் காதல் நகைச்சுவைக் கதைகளின் நாயகனும் நாயகியும். அவர்களுக்கு உதவவென்று, அழைத்தோ அழைக்காமலோ, எங்கிருந்தோ மூன்றாவதாக ஓர் ஆள் வந்து சேர்கிறார். அவர் குறத்தியாக இருக்கலாம், பூதமாக இருக்கலாம், கடவுளாகவே இருக்கலாம்.

2020 பிப்ரவரி 14 அன்று வெளியான 'ஓ மை கடவுளே' படத்தில் வந்தவர் கடவுள்தான். அஸ்வத் மாரிமுத்து இயக்கிய முதல் படம். அர்ஜுனாக அசோக் செல்வன், அனுவாக ரித்திகா சிங். சின்ன வயதிலிருந்து நண்பர்கள். அனுவே ஒருநாள் கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். அவனும் யோசித்துவிட்டுச் சரி என்கிறான். மணமானதும்தான் சிக்கல். தோழியாகவே பார்த்துப் பழகிய முகத்தை மனைவியாகப் பார்க்க அவனால் முடியவில்லை; முத்தமிடப் போனால் சிரிப்பு வந்துவிடுகிறது. கதை குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே விவாகரத்துக்குக் காத்திருக்கும் அர்ஜுன் முன்னால் விஜய் சேதுபதி கடவுளாக வருகிறார், கூடவே ரமேஷ் திலக் உதவியாளராக. வேறொரு வாழ்க்கை வாழ்ந்து பார்க்க ஒரு டிக்கெட்டைக் கொடுக்கிறார். நிபந்தனை ஒன்று உண்டு: அதை யாரிடமும் சொல்லக் கூடாது. திருவேற்காட்டுப் பெண் சொன்ன அதே விதி!

அர்ஜுன் பழைய நாளுக்குத் திரும்புகிறான். கல்யாணம் வேண்டாம் என்கிறான். தான் ஆசைப்பட்ட மீராவின் பின்னால் போகிறான். இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளர் ஒருவர் மீராவைக் கெட்டவளாக்கி வேலையைச் சுலபமாக முடித்திருப்பார். படம் அப்படிச் செய்யவில்லை. வாணி போஜன் நடித்த மீராவும் மரியாதைக்குரிய மனுஷியாகவே இருக்கிறாள். அனுவின் அப்பா கழிவறைக் கோப்பைகள் செய்யும் தொழிற்சாலை நடத்துகிறவர். முதல் வாழ்க்கையில் மாமனாரின் அந்தத் தொழில் அர்ஜுனுக்கு அவமானம். இரண்டாம் வாழ்க்கையில் அவர் வெறும் தோழியின் அப்பா; அப்போதுதான் அந்தத் தொழிலுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அவன் பார்க்கிறான். அந்த அப்பாவாக வரும் எம்.எஸ். பாஸ்கர் அந்தக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. இந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைக் காப்பாற்றச் சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

கடவுள் காலத்தையே திருப்பிக் கொடுத்தார். அவரால் கொடுக்க முடியாதது ஒன்று இருந்தது. அனுவிடம் சொல்ல வேண்டியதை அர்ஜுன்தான் வாய் திறந்து சொல்லியாக வேண்டியிருந்தது. இந்தக் கதை மொழி கடந்தும் போனது. 2022இல் தெலுங்கில் வெங்கடேஷ் கடவுளாக வந்தார். அதே ஆண்டு கன்னடத்தில் 'லக்கி மேன்' என்ற பெயரில் வந்தபோது அந்த இடத்தில் புனித் ராஜ்குமார். படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதைப் பார்த்த கன்னட ரசிகர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருப்பார்கள். கனமாக எதுவும் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும், அடுத்ததுக்குப் போகிறேன்.

அந்த அம்மையார் விரும்பிப் பார்த்த 'பட்டணத்தில் பூதம்' 1967இல் வந்தது. எம்.வி. ராமன் இயக்கம். ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, நாகேஷ். ஜாடிக்குள்ளிருந்து வெளிப்படும் ஜீபூம்பாவாக ஜாவர் சீதாராமன். 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தின் கதைவசனம் எழுதி, அதில் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த அதே மனிதர்தான் மொட்டைத் தலையும் பெரிய சிரிப்புமாக இந்தப் பூதம். பூதம் கூடைப்பந்து ஆட்டத்தில் புகுந்து விளையாடும் காட்சியை எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். மறுநாள் மைதானத்தில் பந்தைத் தொட்டவனெல்லாம் ஜீபூம்பா என்று கத்தினான்.

இந்தப் பூதத்தின் மூதாதை லண்டனில் பிறந்தவர். எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயரில் எழுதியவரின் 'பித்தளைக் குடுவை' நாவல் 1900இல் வெளியானது; 1964இல் ஹாலிவுட் அதைப் படமாக எடுத்தது. வேலை கிடைக்காத இளம் கட்டடக் கலைஞன் ஒருவன் ஏலத்தில் ஒரு குடுவை வாங்குகிறான். உள்ளேயிருந்து வந்த பூதம் நன்றி மிகுதியால் செல்வத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒவ்வொரு பரிசும் அவனுடைய காதலுக்கு ஓர் இடி. ஒரு கட்டத்தில் பூதம் காதலியின் அப்பாவையே கோவேறு கழுதையாக மாற்றிவிடுகிறது. உதவுகிறவரின் சக்தி கூடக்கூட உதவி பெறுகிறவன் கூனிக் குறுகுகிறான். அந்த நாவலின் சிரிப்பு முழுவதும் இந்த ஒரு விசையில்தான் ஓடுகிறது.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் இதைத் தலைகீழாக்கினார்கள். அங்கே பூதமும் இல்லை, கடவுளும் இல்லை. காதலனுக்குப் பணக்காரத் தகப்பன் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் பாலையா பெண் கொடுக்க மாட்டார். ரவிச்சந்திரனுக்காக நண்பன் முத்துராமன் வயதான கோடீஸ்வரனாக வேடம் கட்டிக்கொண்டு வருகிறான். உலகத்தில் இல்லாத ஒரு புரவலரை நட்பே உண்டாக்கிவிட்டது. அதே வீட்டில் நாகேஷின் ஆசையோ வேறு: ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் சார்பில் படம் எடுக்க வேண்டும். அவர் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பற்றி இந்த அவையில் நான் விளக்கினால் நீங்கள் எனக்கே அதை நடித்துக் காட்டுவீர்கள்.

இதே சரடு கண்ணீராகவும் மாறும். 1999இல் எழில் இயக்கிய 'துள்ளாத மனமும் துள்ளும்' படத்தில் தனக்கு உதவியவன் யாரென்று நாயகி ருக்மணிக்குக் கடைசிவரை தெரியாது. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) வழியில் வந்த கதை அது. உதவுகிறவனே காதலனாகிவிட்டால் சிரிப்பு ஒதுங்கிவிடுகிறது; உதவி கடனாகிவிடுகிறது. நம் மரபு வரம் தருகிறவரையும் காதலரையும் பெரும்பாலும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

அந்த மரபு எங்கிருந்து வருகிறது? திருவேற்காட்டுக்கே திரும்புவோம். கருமாரி குறி சொல்லும் பெண்ணாக உருமாறிச் சூரியனிடம் போனாள் என்கிறது தலக்கதை. வந்தவள் யாரென்று அறியாமல் அவன் அலட்சியப்படுத்தினான், அவள் மறைந்தாள், அவன் ஒளி மங்கியது. பிறகு அவன் உணர்ந்து பணிந்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உகந்த நாளானது அப்படித்தான். நன்மை செய்ய வருகிறவள் குறி சொல்கிறவளின் கோலத்தில் வருவாள் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை.

குறுந்தொகையில் ஔவையார் பாடிய 23ஆம் பாட்டிலும் அவள்தான் வருகிறாள், அகவன்மகளாக. கட்டு என்னும் குறி பார்க்க அழைத்த முதியவளின் பாட்டில் தற்செயலாக ஒரு மலையின் பேர் வந்துவிடுகிறது. அது தலைவனின் மலை. அதை இன்னொரு முறை பாடச் சொல்லித் தோழி கெஞ்சுகிறாள். முதியவளுக்கு எதுவும் தெரியாது. வீட்டிலிருப்பவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. இறைவன்மேல் காதல் கொண்ட வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொன்ன குறத்தி சிங்கிக்கு நகைகள் பரிசாகக் கிடைக்கின்றன. அவளைத் தேடி அலைந்த சிங்கன் எதிரே வருகிறான். அவள் காலில் பளபளப்பதைப் பார்த்து, இது என்ன பாம்பா என்கிறான். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு நகைக்கும் கேள்வி. அவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். இறைவன்மேல் கொண்ட காதலைப் பாட வந்த நூலில் வாசகர் மனத்தில் தங்கிவிடுவது இந்தக் கணவன் மனைவியின் வழக்குத்தான். புரவலர் தந்த பரிசு வீட்டுக்குள் என்னென்ன கேள்வியைக் கிளப்பும் என்பதை இவ்வளவு அழகாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைத்துப் போற்றுவது நற்றிணையின் 34ஆம் பாட்டு. மலைநாட்டுத் தலைவனை நினைத்து மகள் மெலிகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை; முருகன் அணங்கிவிட்டான் என்று நினைத்து, அவன் பூசாரியான வேலனை வரவழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். வேலன் வேண்டுகிறான். முருகனும் கடம்ப மாலை சூடி, தலை நிமிர்ந்து, அந்த வீட்டுக்கு வந்தே விடுகிறான். அப்போது தோழி நேராக முருகனைப் பார்த்துப் பேசுகிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று உனக்கே தெரியும், தெரிந்துகொண்டே வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் விவரமில்லாதவன், வாழ்க நீ!

வகுப்பில் இதை நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "தெரிஞ்சும் அவர் ஏன் சார் வந்தார்?" அன்று வேலன் அழைத்தான், வந்தார் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பல வருடங்கள் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. இன்று அவளுக்குச் சொல்ல நினைக்கும் பதில் இது.

அம்மா, அவர் வந்து நின்றதால்தான் தோழிக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தது. தாயிடம் நேராகச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. மகளோ வாயே திறக்கவில்லை. கடவுளிடம் சொல்லலாம், அதுவும் கேலியாகச் சொல்லலாம். இது உன்னால் வந்த நோயில்லை என்றாள்; தலைவனின் மார்பு தந்த நோய் என்றாள். வெறியாட்டுக்களம் வீட்டு முற்றத்தில்தான் இருந்தது. ஒரு பக்கத்தில் தாய் உட்கார்ந்திருந்தாள், முருகனிடம் தோழி பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது.