எந்த ஊர் என்று கேட்டோம்



2006இல் ஜாக்குலின் பெர்னாண்டஸ் இலங்கை அழகுராணியாகப் பிரபஞ்ச அழகிப் போட்டிக்குப் போனார். பஹ்ரைனில் பிறந்தவர், தந்தை இலங்கைப் பறங்கியர், தாய் மலேசிய வழி. மாடலாக இருந்தவர் 2009இல் ‘அலாடின்’ படத்தோடு ஹிந்தித் திரைக்கு வந்தார். பிறகு ‘மர்டர் 2’, ‘கிக்’. “எங்கட பிள்ளை” என்று நாங்களும் பெருமையடித்தோம்.

அதற்கு எவ்வளவோ முன்னர் எங்கள் வகுப்பிலும் ஒரு பறங்கிப் பிள்ளை இருந்தாள். பாட்டன் காலத்திலிருந்தே திருகோணமலைதான். ஆனாலும், “நீ உண்மையில எந்த ஊர்?” என்று கூசாமல் கேட்டோம், ஒருமுறையல்ல. சிரித்துவிட்டு வாங்கில் தள்ளி இருப்பாள். அழகுராணிக்குக் கைதட்டிய அன்று அந்தச் சிரிப்புத்தான் நினைவு வந்தது. இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள். இம்மலரின் ஒரு பிரதியை, நாங்கள் எல்லோரும் கையெழுத்திட்டு, அவளுக்குத் தபாலில் அனுப்புகிறோம்.