கதை வழியே கல்வி



கதை என்றால் அது படிப்புக்குப் பகை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. "பாடத்தை விட்டுவிட்டுக் கதை பேசுகிறான்" என்று பெற்றோர் கடிந்துகொள்கிறார்கள். "கதை அளக்காதே" என்று சொன்னால் "பொய் பேசாதே" என்றே பொருள் கொள்கிறோம். ஆயின், கல்வியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், கதை கல்விக்குப் பகையன்று, அதன் மூத்த துணை என்பது புலனாகும்.

பஞ்சதந்திரத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். அமரசக்தி என்னும் அரசனுக்கு மூன்று புதல்வர்கள். மூவருக்கும் படிப்பில் நாட்டமில்லை. இலக்கணம் ஒன்றைக் கற்கவே பன்னிரண்டு ஆண்டுகள் ஆகுமே என்று அவையோர் கவலைப்படுகின்றனர். விஷ்ணுசர்மர் என்னும் முதியவரோ ஆறே மாதங்களில் அவர்களை அறிவுடையோராக்குவதாக உறுதி கூறி, காக்கையையும் ஆமையையும் சிங்கத்தையும் நரியையும் பேசவைத்து அரசியல் நெறியைப் புகட்டுகிறார். இது அந்நூலின் முகப்புக் கதை. உண்மையில் நடந்ததா என்பது நமக்கு வேண்டுவதன்று. அந்நூல் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துப் பகலவி மொழிக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும், பின்னர் ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது என்பது வரலாறு. கதை வழியே கற்கும் ஆவல் எந்நாட்டவர்க்கும் பொது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்த ஆற்றல் கதைக்கு எங்கிருந்து வந்தது? இனிமையால் வந்தது என்பர் சிலர். இனிமை மட்டுமே காரணமன்று. பாடநூல், மாணவன் கேளாத கேள்விக்கு விடை கூறுகிறது. கதையோ முதலில் அவனைக் கேள்வி கேட்க வைக்கிறது. "பிறகு என்ன ஆயிற்று?" "ஏன் அப்படி ஆயிற்று?" என்னும் இரண்டு கேள்விகளும் எழுந்த பின்னரே விடை வருகிறது. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை அல்லவா?

தென்காசி வட்டாரத்து மாணவர்களுக்குப் பூகோளப் பாடம் நடத்திய அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "மழை மறைவுப் பிரதேசம் என்றால் என்ன?" என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பிப்பார்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. அதையே ஒரு காற்றின் பயணக் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். அரபிக்கடலில் நீரைச் சுமந்துகொண்டு தென்மேற்குப் பருவக்காற்று புறப்படுகிறது. வழியில் மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலைமீது ஏற ஏறக் குளிர்ந்து, தன் சுமையின் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. மலையைக் கடந்து கீழே இறங்கும்போது அது வறண்ட காற்று. ஆகவே நெல்லைச் சீமையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கிறது.

கதை இவ்வளவில் நின்றபோது வகுப்பில் ஒரு கை உயர்ந்தது. "ஐயா, அப்படியானால் ஆனி, ஆடியில் குற்றாலத்தில் மட்டும் சாரல் எப்படி வருகிறது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். பாடநூல் அவனிடம் கேளாத கேள்வி அது! ஆரியங்காவுக் கணவாய் என்னும் இடைவெளி வழியாக ஈரக்காற்று இப்புறம் நுழைகிறது என்று விடை கூறியபோது, வகுப்பு முழுவதும் அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே ஏற்றுக்கொண்டது. அந்த நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது என்பதையும் அவர்களே வரைபடத்தில் தேடிச் சொன்னார்கள். இக்கதையில் பேசும் விலங்கும் இல்லை, மாயமும் இல்லை. காரணமும் காரியமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; அவ்வளவே.

கதைக்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. அது கேட்பவனைச் சொல்பவனாக்கிவிடும். இதற்குக் குற்றாலமே சான்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூட்டம் புகழ்பெற்றது. பின்னர் 1954-இல் மறையும் வரை குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் அன்பர்கள் அவரைத் தேடி வந்தவண்ணம் இருந்தனர். கம்பன் பாடலை அவர் சொற்பொருள் கூறி அறுத்துக் காட்டுவதில்லை. யார், யாரிடம், எந்நிலையில் பேசுகிறார் என்பதைக் கண்முன் நிறுத்திவிட்டுப் பிறகே பாடலைச் சொல்வார். அவ்வாறு கேட்க வந்தவர்களுள் இடைசெவல் கிராமத்து இளைஞர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இருந்தனர். இருவரும் பிற்காலத்தில் தமிழ்ச் சிறுகதையின் தூண்களாயினர். கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கரிசல் காட்டு மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளைத் தேடித் தொகுத்த அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் அவருக்குக் கிட்டியது. காது கொடுத்துக் கேட்பதும் ஒரு கல்வியே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு ஏது?

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கதையின் கவர்ச்சி உண்மையை வளைத்துவிடவும் கூடும். நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழுந்தது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆப்பிள் விழுவதைக் கண்டு சிந்தித்ததாக நியூட்டன் தம் முதுமையில், 1726-இல், ஸ்டூக்ளி என்னும் நண்பரிடம் கூறினார். அந்நண்பர் அதை எழுதி வைத்தார். தலையில் விழுந்தது என்பது பிறர் ஒட்டிய ஒட்டு. அதனைவிடத் தீங்கு, ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது என்னும் எண்ணம். அந்தச் சிந்தனை நூலாக முற்றுப்பெற்று 1687-இல் வெளிவரும் முன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. அந்த உழைப்பை மறைக்கும் கதை, கேட்பவனுக்கு நல்லாசிரியன் ஆகாது. ஆகவே கதையைக் கேளுங்கள். அதில் எது மெய், எது அலங்காரம் என்றும் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, தேர்வுக்காக விடைகளை உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறவர்கள் உங்களுள் பலர். அவர்கள் செலவிட்ட உழைப்பு வீணாவது கண்டு என் போன்றோர் நெஞ்சு வருந்துகிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இன்று படித்த பாடத்தை இன்றிரவே உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ பாட்டிக்கோ கதையாகச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று பொருள். "ஏன்?" என்று அவர்கள் கேட்டு நீங்கள் விடையின்றி நின்றால், சினம் கொள்ளாமல் மீண்டும் புத்தகத்தைத் திறவுங்கள். அப்போது படிப்பது எளிதில் மறவாது. கூடவே, அந்தப் பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறவாதீர்கள்.