வரைகிற கையும் நெய்கிற கையும்

எதிரணி நண்பர் சொல்லிவிட்டுப் போனார், ‘டிசைன் போடுறவர்தான் மூளை, நெய்யுறவர் வெறும் கை’ன்னு. ஐயா, எங்க திருப்பருத்திக்குன்றத்துக்கு ஒருநாள் வாங்க. பேரிலே பருத்தி, பக்கத்திலே பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரம்!

கிராப் தாளில் கரைக்கு அன்னம் வரைகிறார் ஒருவர். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த ஏற்பாடு. சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்குத் துளையட்டையை எடுத்ததே தறியிலிருந்துதான்!

தாளில் அன்னம் அழகுதான். ஆனால் கழுத்தில் ஜரிகை கட்டில்லாமல் நீளமாகக் கிடந்தால், மெட்டியில் மாட்டி இழுக்காதா? தறியில் உட்கார்ந்தவர்தான் சொல்வார், ‘அண்ணே, நடுவுல ஒரு புள்ளி வைங்க’ன்னு. கேட்காமல் விட்டுச் சேலை திரும்பி வந்தால், யார் வீட்டில் உலை கொதிக்காது? சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வீட்டில்! (கைதட்டல்)

கம்ப்யூட்டரிலும் அதே கதை. திரையை வரைகிறவர் ஒருவர், புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். வேலை முடிந்து சந்தித்தால் சண்டை. முதல் இழையிலேயே சந்தித்தால் சேலை!

கரை வேறு, உடல் வேறு. இரண்டும் சேருகிற இடத்துக்குக் காஞ்சியில் கோர்வை என்று பெயர். பட்டுக்குப் பெருமை அந்தக் கோர்வைதான்.