மூப்பரின் கணக்கேடு

ஸ்காட்லாந்துத் திருச்சபை வரலாற்றில் தோய்ந்த அறிஞர்கள் கூடியிருக்கும் இம்மாநாட்டைத் தொடங்கிவைப்பது தலைமைக்குப் பெரும்பேறாகவும், பேச வேண்டியதை எண்ணும்போது சற்று அச்சமாகவும் இருக்கிறது. ‘பிரெஸ்பிட்டேரியன் ஊர்ச்சபையின் ஆளுகையும் ஊழியமும்’ என்பது மாநாட்டுப் பொருள். போதகர் தலைமையில் மூப்பர்கள் கூடும் செஷன் என்னும் சபை மன்றம், அதற்கு மேல் பல சபைகளுக்குப் பொதுவான பிரெஸ்பிட்டரி, அதற்கும் மேல் சினாடு, பொதுப்பேரவை என்ற படிநிலையை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. மூப்பரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கச் சொன்ன 1560ஆம் ஆண்டின் முதல் ஒழுங்கு நூலும், அப்பணியை வாழ்நாள் பணியாக்கிய 1578ஆம் ஆண்டின் இரண்டாம் நூலும் அனைவரும் அறிந்தவையே.

விளக்கம் வேண்டுவது வேறொன்று. மூப்பர் ஆள்பவர், உதவிக்காரர் காணிக்கை திரட்டி ஏழைகளுக்குப் பங்கிடுபவர் என்று ஒழுங்கு நூல்கள் வகுத்த பிரிவினை, ஊர்களிலும் அப்படியே நடந்ததாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. இதனால் செஷன் ஏடுகளில் ஒழுக்க வழக்குகளும் ஓய்வுநாள் மீறல்களுமே திரும்பத் திரும்பப் படிக்கப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்தோரின் உழைப்புக்கு இத்துறை கடன்பட்டது. ஆயினும் கணக்குப் பக்கங்களை வெறும் வரவுசெலவு என்று ஒதுக்குவதை ஏற்பதற்கில்லை.

அப்பக்கங்களின் வரவில் ஞாயிறு காணிக்கையோடு, சவப்பெட்டியின்மேல் விரிக்கும் போர்வைக்கு வாங்கிய வாடகையும், குற்றத்துக்கு விதித்த தண்டமும், காணிக்கைத் தட்டில் விழுந்த செல்லாத செப்புக்காசுகளை எடைக்கு விற்ற தொகையும் உண்டு. செலவில் விதவைக்குக் கொடுத்த உதவியும், ஏழைச் சிறுவனின் பள்ளிக் கட்டணமும், ஆதரவற்றவரின் சவப்பெட்டிக்கான செலவும் உண்டு. உதவிக்காரர் என்ற தனிப்பணி அருகிப்போன ஊர்களில், தண்டம் விதித்த மூப்பர்களே அந்தப் பணத்தை ஏழைகளின் பெட்டியிலிட்டு, அதே பெட்டியிலிருந்து விதவைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். ஆளுகையும் ஊழியமும் அங்கே ஒரே கையின் வேலை.

1819இல் கிளாஸ்கோவின் செயின்ட் ஜான் சபைக்கு வந்த தாமஸ் சால்மர்ஸ் உதவிக்காரர் பணிக்கு மீண்டும் உயிரூட்டியதை மறந்துபோன ஊழியத்தின் மறுபிறப்பு என்று போற்றுவோர் உண்டு. ஊழியம் மறக்கப்படவில்லை, மூப்பர் சுமந்துவந்த சுமைக்குத் தனி ஆள் கிடைத்தார் என்பதே பொருந்தும். 1845ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் நிவாரணப் பொறுப்பை ஊர் வாரியங்களிடம் ஒப்படைத்த பின்னர், செஷனிடம் எஞ்சியதில் கண்டிப்பே மிகுதியாகத் தெரிந்தது. அந்தப் பிற்காலத் தோற்றத்தை முந்தைய மூன்று நூற்றாண்டுகளின்மேல் ஏற்றிப் பார்ப்பது பிழை.

2021ஆம் ஆண்டு முதல் செஷன் ஏடுகளின் படிமங்கள் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படியெடுக்கும் இளம் ஆய்வாளர்கள், வழக்கு முடிந்ததும் ஏட்டை மூடிவிடாமல், அடுத்து வரும் கணக்குப் பக்கத்தையும் வரி விடாமல் எழுதித் தருமாறு தலைமை வேண்டிக்கொள்கிறது.