தைலமும் மாத்திரையும்: எதற்கு எது?

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் மண்டபத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





மருத்துவ உதவி கேட்டு டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில், "சாதாரண மாத்திரைக்குக் கேட்கவில்லை, விலை உயர்ந்த ஊசி போடச் சொல்கிறார்கள்" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். இன்னொரு பக்கம், "மாத்திரையெல்லாம் விஷம், தைலமே போதும்" என்று செல்போனில் செய்திகள் சுற்றுகின்றன. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

டைபாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் குளோராம்பெனிகால் கொடுத்தால் அது அடங்கிவிடும். 1972-ல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. 1990 வாக்கில் இன்னும் இரண்டு மருந்துகள் பலனற்றுப் போயின. பிறகு வந்த சிப்ரோபிளாக்சசினும் வேகம் இழந்தது. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இப்படி ஏன் ஆகிறது? ஆன்டிபயாடிக் உள்ளே போனால் பலவீனமான கிருமிகள் சாகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் அவற்றுக்குப் பயிற்சி கொடுப்பது போலத்தான். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மெடிக்கலில் கேட்டு நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவர் கஷ்டம் நமக்குப் புரிகிறது. ஆனால் சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸால் வருபவை, அவற்றை ஆன்டிபயாடிக் தொடாது.

அப்படியானால் தைலம்? கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால் என்ற சத்துகள் உள்ளன. இவை பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கக்கூடியவை. ஆய்வுக்கூடத் தட்டில், மருந்துக்கு அடங்காத கிருமியையும் கொல்கின்றன. இது உண்மை. ஆனால் தட்டில் ஊற்றும் அளவை ரத்தத்தில் ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது.

ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ தைலத்தை மனிதர்களிடமே சோதித்தார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற முரட்டுக் கிருமி தோலிலும் மூக்கிலும் ஒட்டியிருந்தவர்களுக்குத் தடவிப் பார்த்த ஆய்வு 2004-ல் இங்கிலாந்தில் வெளியானது. தைலத்தால் 41 சதவீதம் பேருக்கும், வழக்கமான மருந்தால் 49 சதவீதம் பேருக்கும் கிருமி நீங்கியது. மூக்கில் மட்டும் பார்த்தால் 47-க்கு 78 என்று வழக்கமான மருந்தே முந்தியது. தைலத்துக்குப் பலன் உண்டு, ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

ஆகவே பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கலாம், பிறகு பல் டாக்டரிடம் போக வேண்டும். நீலகிரித் தைலத்தைக் குடிக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே அதைத் தடவவும் வேண்டாம். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் எல்லோரும் அறிவோம். அதைச் சொன்ன நபி (ஸல்) அவர்களே மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண், நிற்காத காய்ச்சல், மூச்சுத் திணறல் இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். 2016 முதல் அரசாங்கம் இதை மக்களுக்குச் சொல்லி வருகிறது. டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மிச்ச மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது உதவி ஆகாது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டுவது கல்ச்சர் டெஸ்ட். செலவுக்குப் பயந்து பலர் அதைத் தவிர்க்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சீட்டோடு அலுவலகத்துக்கு வாருங்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு மருத்துவ நிதியிலிருந்து அந்தச் செலவைக் கொடுக்க நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது.

இன்னும் வேலை செய்யும் மருந்துகள் நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் இருக்கும் அமானிதம். அதை வீணாக்காமல் ஒப்படைக்க அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக. ஆமீன்.