உபகாரச் சம்பளமும் நமது கடமையும்

(டோல்கேட்டில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கலாசாலைக்குப் புதிதாய்ச் செல்லும் நம் பிள்ளைகள் பொருளுதவி பெறும் வழிகளைக் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். உதவி பெறுதல் ஒரு காரியம். பெற்றதை இழவாமற் காத்தல் மற்றொரு காரியம். பின்னதையே இன்று வற்புறுத்த விழைகின்றேன்.

நம் துறைமுகத்தோடு தொடர்புடைய சரித்திரமொன்று கேளுங்கள். கணித மேதை இராமாநுஜன் 1904இல் கும்பகோணம் அரசினர் கலாசாலையிற் சேர்ந்தபோது உபகாரச் சம்பளம் பெற்றார். கணிதத்திலேயே மூழ்கி, ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமையால் அதனை இழந்தார். துணிக்கடைக் குமாஸ்தாவின் ஏழைக் குடும்பத்திற்குக் கட்டணம் பெருஞ்சுமையாயிற்று, படிப்பு முறிந்தது. பின்னர்ப் பச்சையப்பன் கலாசாலையிலும் தேறாது, 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தாவானார். அங்கே எஸ். நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் அவரது அருமையை அறிந்து பிறர்க்கு எடுத்துரைத்தனர். 1913இல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் அளித்தது. எடுத்துரைப்பார் இருந்தமையாலன்றோ இழந்த உதவி மீண்டது!

அண்மையில் என் பழைய மாணாக்கன் ஒருவனைக் காலடிப்பேட்டையருகே லாரியில் மூட்டை ஏற்றக் கண்டேன். “என்னப்பா, கலாசாலை விடுமுறையோ?” என்றேன். “நின்றுவிட்டேன் ஐயா. முதல் வருஷம் உதவித்தொகை வந்தது. மறு வருஷம் புதுப்பிக்கவேண்டுமென்று தெரியாமற் போயிற்று. அப்பா தண்டலுக்கு வாங்கிக் கட்டிப் பார்த்தார்; முடியவில்லை” என்றான். அவனுக்கு முதல் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் யானே. மறு ஆண்டு ஒருமுறையேனும் வினவினேனில்லை. அப்பிழையில் எனக்கும் பங்குண்டு.

இனி வழிகளைச் சொல்வேன். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலியோர்க்குரிய அரசாங்க உதவித்தொகைகளுக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் நம் வடசென்னைப் பாரதி மகளிர் கலாசாலையிலேயே தொடங்கப்பெற்றது. ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிற்று. குடும்பத்தில் முதற் பட்டதாரியாகுபவர் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியிற் சேர்வாராயின், அதற்குரிய சான்று பெற்றுக் கட்டணச் சலுகை கேட்கலாம். விதிகள் மாறக்கூடுமாதலின், சேரும் நாளிலேயே கலாசாலை அலுவலகத்தில் விசாரித்தல் நலம்.

இவையும் போதாவாயின், தண்டற்காரரை நாடாது பாங்கியை நாடுக. 4 இலட்சம் ரூபாய் வரையுள்ள கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்டலாகாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தபின் தவணை தொடங்கும். வட்டியோ படிக்கும் நாளிலும் ஏறும். ஆதலின் வேண்டுமளவே வாங்குக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பேரேடு ஒன்று வைப்போம். மாணாக்கர் பெயர், பெறும் உதவி, புதுப்பிக்கும் மாதம், பாங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்துளதா என்பன அதிற் பதியப்பெறுக. பட்டம் பெற்ற இளைஞர் இருவர் மாதந்தோறும் அதனைப் புரட்டிப் பார்த்து, உரியவர் வீட்டிற்குச் சென்று நினைவூட்டுக. நம் குலத்துப் பிள்ளைகளென்னும் வரம்பு வேண்டா. இத்தெருவிலிருந்து எவர் வரினும் எழுதிக்கொள்வோமாக.

அதன் முதல் வரியில் இடையில் நின்ற என் மாணாக்கனின் பெயரை எழுதி, அவன் மீளச் சேர்தற்குரிய வழியை விசாரிக்கும் பொறுப்பை யான் ஏற்கின்றேன். அடுத்த வரிகளை நீங்கள் நிரப்புவீர்களென நம்புகின்றேன்.